முள் குத்திய சேதியை யார் சொன்னது?

சென்ற இதழில் தையல் பிரித்த புண்ணைப் பார்த்துக்கொள்வது பற்றி எழுதினேன். அதற்கு மேசை நிறையக் கடிதங்கள். பாதிப் பேர் மருந்து கேட்கவில்லை, புண் எப்படித்தான் ஆறுகிறது என்று கேட்கிறார்கள். வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 32 வருடம் டிரஸ்ஸிங் அறையில் நின்ற எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி வேறில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுக்கப் புண்ணுக்கே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

சிஸ்டர், எங்களுக்கு முள்ளுக் கத்திரித் தோட்டம். காய் பறிக்கும்போது விரலில் முள் ஏறாத நாளே கிடையாது. முள் கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனால் ராத்திரிக்குள் அந்த இடம் மட்டும் சிவந்து வீங்கி விண்விண் என்று தெறிக்கிறது. உடம்பில் இவ்வளவு இடம் இருக்க, சரியாக முள் முனைக்கு ரத்தம் ஓடுவது எப்படி? யார் போய்ச் சொல்கிறார்கள்?
— ஒரு விவசாயி, இலவம்பாடி

உங்கள் ஊர்க் கத்திரிக்காயை நறுக்கிப் பழகிய கை என்னுடையது. காம்பு முள் எப்படி ஏறும் என்று தெரியும்.

முதல் சேதியைச் சொல்வது, முள் பட்டுக் கிழிந்த செல்தான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏடிபி என்றொரு பொருள் இருக்கிறது. அதன் அன்றாடச் செலவுக்கான எரிபொருள் அது. அது இருக்க வேண்டிய இடம் செல்லுக்கு உள்ளே. முள் குத்தியதும் சவ்வு கிழிந்து வெளியே கொட்டிவிடுகிறது. குதிரில் இருக்க வேண்டிய நெல் தெருவில் சிந்திக் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? உள்ளே போய்ப் பார்க்காமலே, அந்த வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வார். பக்கத்துச் செல்லும் அப்படித்தான். வெளியே கொட்டிய ஏடிபியைப் பிடிப்பதற்கென்றே அதன் மேல்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. பிடித்த மாத்திரத்தில் அந்தச் செல்லுக்குள் கால்சியம் குபுக்கென்று ஏறும். அது தன் பங்குக்கு அடுத்த செல்லை எழுப்பும். குளத்தில் கல்லைப் போட்டது மாதிரி காயத்தைச் சுற்றி அலை பரவும். நீங்கள் 'ஸ்ஸ்' என்று கையை உதறி முடிப்பதற்குள் இவ்வளவும் தொடங்கிவிடுகிறது.

அடுத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள்தான். நம் செல்களே அதை மிக மிகக் கொஞ்சமாகத் தயாரிக்கின்றன. 2009இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிலிப் நீத்தாமர், டிமோத்தி மிட்சிசன் முதலானோர் ஜீப்ரா மீன் குஞ்சுகளின் வால் துடுப்பை லேசாக நறுக்கிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கண்ணாடி போன்ற குஞ்சு, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். நறுக்கிய ஓரத்தில் சில நிமிடங்களில் பெராக்சைடு ஊறத் தொடங்கி 20 நிமிடம் வாக்கில் உச்சத்துக்குப் போனது. காயத்தின் விளிம்பில் அது அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. வெள்ளணுக்கள் அந்த ஏற்றத்தை மோப்பம் பிடித்தே விளிம்புக்கு வந்தன. எந்தப் பக்கம் வாசனை தூக்கலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போனால் பிரியாணிக் கடை வந்துவிடும் இல்லையா, அந்தக் கணக்குத்தான்.

சரி, வெள்ளணு இருப்பது ரத்தக்குழாய்க்குள். ஓடுகிற ரத்தத்தில் போய்க்கொண்டிருப்பவர் சரியான இடத்தில் இறங்குவது எப்படி? முள் குத்திய இடத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அங்கே உள்ள நுண் ரத்தக்குழாய்கள் விரிந்து, சுவர் தளர்ந்து, நீர் கசிகிறது. உங்கள் விரலில் தெரியும் சிவப்பும் சூடும் வீக்கமும் அதுதான். கூடவே குழாயின் உட்சுவர், அந்தப் பகுதியில் மட்டும், ஒட்டுகிற மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது. வெள்ளணு அதில் பட்டு வேகம் குறைந்து, சுவரோரம் உருண்டு, நின்று, இடுக்கு வழியாக வெளியே நுழைகிறது. பஸ் முழுசாக நிற்பதற்குள் படியில் ஒரு கால் வைத்து இறங்குகிறவரைப் போல. இப்படி முதலில் வருகிறவை நியூட்ரோஃபில்கள். வந்தவற்றில் சில செத்து விழுந்தால் மற்றவை இன்னொரு ரசாயனத்தை விட்டுக் கூட்டாளிகளைக் கூப்பிடும். கொஞ்ச நேரத்தில் மொய்த்துவிடும். மறுநாள் நீங்கள் பிதுக்கும் சீழ் பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோஃபில்கள்தான்.

முள் முனை உள்ளேயே இருந்தால் சேதியும் போய்க்கொண்டே இருக்கும், வீக்கம் வடியாது. அதனால் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான ஊசியால் முள்ளை எடுத்துவிடுங்கள். எரு போட்ட மண்ணில் வேலை செய்கிறவர்கள் நீங்கள். டெட்டனஸ் கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கும், தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். விரலிலிருந்து கை மேலே சிவப்புக் கோடு ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டில் இருக்காதீர்கள்.

புண்ணுக்கு வந்த வெள்ளணுப் படையைத் திரும்பிப் போகச் சொல்வது யார், சிஸ்டர்? எங்கள் பாடத்தில் அழற்சி, பெருக்கம், மறுசீரமைப்பு என்று மூன்று கட்டம் போட்டு முடித்துவிட்டார்கள்.
— விலங்கியல் மாணவி, காட்பாடி

நல்ல கேள்வி அம்மா. புண் ஆறுவதே இதில்தான் இருக்கிறது.

படை பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. நியூட்ரோஃபில் வந்த இடத்திலேயே சாகிறது. ஆனால் முள் பட்ட செல் மாதிரி வெடித்துச் சிதறாமல், ஒழுங்காகச் சுருங்கிச் சாகிறது. சாகும்போது சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு மூலக்கூறை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டுகிறது. 'என்னை எடுத்துக்கொள்' என்பதற்கு அது அடையாளம். இரண்டு மூன்று நாளில் மேக்ரோபேஜ்கள் என்ற பெரிய விழுங்கு செல்கள் வந்து இந்தச் சடலங்களை விழுங்குகின்றன. எனக்கு என்றைக்கும் வியப்பாக இருப்பது இதற்கு அடுத்த படி. விழுங்கிய வேலையே மேக்ரோபேஜை மாற்றிவிடுகிறது. அதுவரை 'வா, அடி' என்று கத்திக்கொண்டிருந்த அதே செல், இப்போது 'போதும், கட்டு' என்று பேசத் தொடங்குகிறது. டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளை விடுகிறது. ரத்தம் உறைந்தபோதே தட்டணுக்கள் பிடிஜிஎஃப் என்ற காரணியை அங்கே கொட்டி வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஃபைப்ரோபிளாஸ்ட்களை அழைக்கின்றன. அவை தோலைக் கட்டும் நார்ப் புரதமான கொலாஜனை நூற்கின்றன. ஆக்ஸிஜன் போதாமல் தவிக்கிற செல்கள் விஇஜிஎஃப் என்ற காரணியை விட, அதைத் தேடிப் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து வருகின்றன.

இதை நாங்கள் வெறும் கண்ணால் பார்ப்போம். ஐந்தாறு நாள் ஆன திறந்த புண். காஸைச் சலைன் விட்டு நனைத்து மெல்லத் தூக்கினால், அடியில் ஈரமாக, செக்கச்செவேல் என்று, மாதுளை முத்தைப் பதித்த மாதிரி மணி மணியாக இருக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு புதுக் குழாயின் வளைவு. தொட்டால் ரத்தம் பொட்டுவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால் டிரஸ்ஸிங் அறையில் எல்லோருக்கும் முகம் மலரும். புண்ணின் ஓரத்தில் கிளிஞ்சல் உள்பக்கம் மாதிரி வெளிறிய ஒரு விளிம்பு தெரியும். மேல்தோல் செல்கள் நாலா பக்கமும் இருந்து ஊர்ந்து வருகிற கரை அது. எதிரெதிர்க் கரைகள் வந்து தொட்டுக்கொண்டதும் ஊர்வது நிற்கிறது. தொடுவதே அங்கே நிறுத்தும் சேதி.

பாடத்தில் உள்ள மூன்று கட்டங்கள் காட்பாடி, வாலாஜா ரோடு, அரக்கோணம் என்று வரிசையாக வருகிற ஸ்டேஷன்கள் இல்லை. ஒரே புண்ணில் ஒரு மூலை ஆறிக்கொண்டிருக்கும், இன்னொரு மூலை இன்னும் சீழ் கட்டிக்கொண்டிருக்கும்.

காது குத்திய இடத்தில் உருண்டையாகச் சதை வளர்கிறது. வெட்டினால் போய்விடுமா?
— ஆற்காடு

அது கீலாய்டாக இருக்கலாம். மேலே சொன்ன 'போதும்' என்ற சேதி அங்கே சரியாக எடுபடவில்லை, கொலாஜன் நின்றபாடில்லை. வெறுமே வெட்டினால் வெட்டிய காயத்துக்கும் அதே பேச்சு தொடங்கி, முன்னைவிடப் பெரிதாக வரக்கூடும். ஊசி, அழுத்தம் என்று கூடவே வேறு சிகிச்சையும் வேண்டும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பீடி இலை வெட்டும்போது கத்திரி விரலில் பட்டுவிடுகிறது. மாமியார் உடனே காபித்தூளை அப்பிவிடுகிறார். கட்டுப் போடாதே, காற்றாட விட்டால் பக்கு கட்டிச் சீக்கிரம் ஆறும் என்கிறார். என் தம்பி ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி வந்து தினமும் ஊற்று என்கிறான். யார் சொல்வது சரி?
— குடியாத்தம்

காபித்தூள் வேண்டாம். ரத்தத்தை நிறுத்த அதைவிட நல்ல வழி இருக்கிறது. சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம், எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள். தூளைப் போட்டால் அதைத் துடைத்தெடுக்கிற வேலை எங்களுக்கு, எரிச்சல் உங்களுக்கு.

காற்றாட விடுவது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. நானும் பயிற்சிக்குப் போகும் வரை அப்படித்தான் நம்பினேன். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் ஒரே மாதிரி மேலோட்டமான காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மூடிக்கொண்டது. ஊர்ந்து வருகிற செல்லுக்கு ஈரம் வேண்டும். சேதி போவதும் அந்த ஈரத்தில்தான். பக்கு காய்ந்து கெட்டியானால் செல்கள் அதற்கு அடியில் தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதனால் கழுவி, சுத்தமான பிளாஸ்திரியோ காஸோ போட்டு மூடுங்கள். நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றுங்கள்.

பெராக்சைடு விஷயத்தில் தம்பியைத் தப்பு சொல்ல மாட்டேன், நாங்களே ஒரு காலத்தில் பாட்டில் பாட்டிலாக ஊற்றியிருக்கிறோம். கடையில் விற்பது 3 சதவீதக் கரைசல். செல்கள் தமக்குள் சேதியாக விடுகிற அளவைப் போலப் பல ஆயிரம் மடங்கு. ரகசியம் பேசுகிறவர்கள் காதில் தாரை தப்பட்டை அடித்த மாதிரி. கிருமியோடு சேர்ந்து புதுச் செல்லும் பொசுங்கிப் போகும். தினமும் ஊற்றாதீர்கள்.

உங்கள் வீட்டில் பீடி சுருட்டுவதோடு யாராவது குடிப்பதும் உண்டா? நிக்கோட்டின் தோலின் நுண் குழாய்களைச் சுருக்கிவிடும். ஆபரேஷன் காயம் பிரிந்துகொண்டு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நாய் தன் புண்ணை நக்கியே ஆற்றிக்கொள்கிறது. நாமும் விரல் வெட்டினால் வாயில் வைக்கிறோம். எச்சிலில் மருந்து இருக்கிறதா?
— வாலாஜாபேட்டை

மருந்து என்று சொல்ல மாட்டேன், சேதி இருக்கிறது. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்கர் எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டார். வழக்கமாக இரண்டு வாரம் வாக்கில் திறக்கிற கண்கள் ஒரே வாரத்தில் திறந்துவிட்டன. மேல்தோலை வளரச் சொல்கிற காரணி அந்தச் சாற்றில் இருந்தது. அதற்காக ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு சேர்த்து அவருக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எச்சிலில் கிருமியும் நிறைய. அதைவிட முக்கியம், நாய் உங்கள் புண்ணை நக்க விடாதீர்கள். வளர்ப்பு நாயானாலும் சரி. தோல் கிழிந்த இடத்தில் நாய் நக்குவதும் ரேபிஸ் கணக்கில் கடிக்குச் சமம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போங்கள்.

எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். வெளியே நன்றாக மூடிவிட்டது. பாரம் தூக்கலாமா? தழும்பு ஏன் பளபளவென்று இருக்கிறது?
— ஆம்பூர்

தூக்காதீர்கள். வெளியே மூடியது மேல்தோல் மட்டும். மூன்று வாரத்தில் காயத்துக்கு வந்திருக்கும் வலு, பழைய தோலின் வலுவில் சுமார் கால் பங்குதான். மூன்று மாதம் போனால் 80 சதவீதம் வரை வரும். அதற்கு மேல் ஏறுவதில்லை. எப்போது எவ்வளவு தூக்கலாம் என்பதை உங்கள் சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தழும்பைப் பற்றி உங்கள் ஊரில்தான் கற்றேன். அப்பா ஒரு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். பள்ளி லீவில் சாப்பாடு கொண்டுபோவேன். தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "இங்க பாரு, உயிரோட இருக்கும்போதே முள்வேலியில மாட்டியிருக்கு" என்பார். ஒரு கோடு தெரியும். மயிர்க்கால் புள்ளிகள் மற்ற இடமெல்லாம் இருக்க, அந்தக் கோட்டில் மட்டும் இருக்காது. வழவழவென்று இருக்கும். சாயமும் அங்கே வேறு மாதிரி ஏறும். அந்தத் தோல் கீழ்த்தரத்துக்குப் போய்விடும்.

தோல் என்றாலே கொலாஜன்தான், ஆட்டுக்கும் நமக்கும். காயம்படாத தோலில் கொலாஜன் இழைகள் கூடை முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவசரத்தில் கட்டிய தழும்பில் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். மயிர்க்காலும் வியர்வைச் சுரப்பியும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அதனால்தான் பளபளப்பு. இந்தக் கொலாஜனை முறுக்கிக் கட்டுவதற்கு வைட்டமின் சி வேண்டும். பத்தியம் என்று வெறும் கஞ்சியோடு நிற்காதீர்கள். நெல்லிக்காய், கொய்யா, முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடுங்கள்.

அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. கட்டைவிரல் அடியில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. ஓரம் கறுத்திருக்கிறது, வாடை வருகிறது. ஆனால் வலியே இல்லை, நன்றாக நடக்கிறார், அதனால் பயமில்லை என்கிறார். ஏன் ஆறவில்லை?
— வாணியம்பாடி

கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு ஃபோன் செய்து, அப்பாவை உடனே கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். இதே மாதிரி வீடுகள் இன்னும் பல இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

வலி இல்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். ஒரு காய்கறி வண்டிக்காரர் என்னிடம் டிரஸ்ஸிங்குக்கு வந்தார். காலில் புண் என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன், செருப்பு காலோடு வந்தது. அடியிலிருந்து ஏறிய ஆணி ஒன்று பாதத்துக்குள் நின்றிருந்தது. மூன்று நாளாக அதோடு தெருத் தெருவாக நடந்திருக்கிறார். "குத்தினதே தெரியலம்மா" என்றார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நம் வேலூர்ப் பக்கத்துக்கு இது பழைய பாடம். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, நரம்பு செத்து வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத் தேய்கின்றன என்று எடுத்துக்காட்டியவர் அவர். ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடிப்பதுகூட நோயாளிகளுக்குத் தெரியவில்லை என்று கண்டு, ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டது. பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, உடம்பின் பாரத்தை ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுக்கப் பரப்பிவிட்டால் புண் தானே ஆறுவதைப் பார்த்தார்கள். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த அனுபவத்தையும் கொண்டுபோனார். பிறகு அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அந்த மாவுக்கட்டு பரவியது.

நரம்பு நமக்கு வலியைச் சொல்வதோடு நிற்பதில்லை. வலி நரம்பின் நுனி, காயத்தில் சில சிறு புரதங்களை விடுகிறது. ரத்தக்குழாய் விரியவும், மேக்ரோபேஜ் பேச்சை மாற்றவும் அவை துணை. நரம்பு செத்தால் அந்தக் குரலும் போயிற்று. மேலும் சர்க்கரை அதிகமாக இருக்கும் புண்ணில் மேக்ரோபேஜ்கள் 'வா, அடி' என்பதிலேயே மாட்டிக்கொள்கின்றன. நொதிகள் பெருகி, வருகிற வளர்ச்சிக் காரணிகளையும் புதுக் கொலாஜனையும் அரித்துத் தின்கின்றன. 1997இல் பிடிஜிஎஃப் காரணியையே ஜெல்லாகச் செய்து பாதப் புண்ணுக்கு அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சிலருக்கு உதவியது. ஆனால் புண்ணின் மேல் நடந்துகொண்டே ஜெல் தடவினால் எந்தச் சேதியும் நிலைக்காது. செத்த சதையை எடுக்க வேண்டும், பாரத்தை இறக்க வேண்டும், ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், சர்க்கரையைக் குறைக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று ஆகாது.

சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் ராத்திரி படுக்கும் முன் யாராவது ஒருவர் அவர் பாதத்தைக் கையில் எடுத்து, விரல் இடுக்கு உட்படப் பாருங்கள். தனியாக இருப்பவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கை விட்டுத் தடவுங்கள். வெந்நீரில் கால் வைக்கும் முன் வேறொருவர் கையை விட்டுச் சூடு பார்க்கட்டும்.

போன வாரம் நீங்கள் மறுபடி பேசினீர்கள். கறுத்த சதையை எடுத்துவிட்டார்கள், விரல் பிழைத்தது, அடியில் சிவப்பாகத் தெரிகிறது என்றீர்கள். என்ன சிவப்பு என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அடுத்த டிரஸ்ஸிங்கின்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரமாக இருக்கிறதா, மணி மணியாக இருக்கிறதா, ஓரத்தில் வெளிறிய கரை தெரிகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.